சம்பள உயர்வு வாங்கிய திருடன்

அத்தியாயம் 7

காலை ஒன்பது நாற்பதுக்கு வந்த அந்த ஆள், நாற்காலியை விட்டுவிட்டுத் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.

பெட்டிகள் இரண்டு. பூட்டுச்சாவிக் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறைக்கு இருபத்திரண்டு படிகள். இரண்டையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு ஃப்ளைட்," என்றார். "இன்னியோட விசா முடியுது. அதுக்குள்ள ஒரு திருடனைப் பிடிக்கணும்."

சில்லறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "எட்டு மணி நேரம் இருக்கு. அந்தத் திருடனுக்கு இன்னிக்கு வேற வேலை எதுவும் இல்லையே சார்?"

"சும்மா இரு," என்றாள் அண்ணி.

சில்லறை என்பது அவன் பெயரல்ல. பேச்சு முழுசாக வராமல் துணுக்குத் துணுக்காகக் கொட்டிக்கொண்டே இருப்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். நாலு வருஷம் கடைவீதி வாசல்களில் நின்று கிரெடிட் கார்டு விற்றவன். அண்ணி அவனுடைய அண்ணன் மனைவி. பன்னிரண்டு வருஷம் ஒரு வங்கியின் வசூல் பிரிவில் இருந்துவிட்டு, ஒரு நாள் போதும் என்று எழுந்து வந்தவள். போனில் அழுகிறவர்களில் யார் நிஜமாக அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்குத் துப்பறிவது பெரிய விஷயமாக இருக்கவில்லை. துணைக்குக் கொழுந்தனைச் சேர்த்துக்கொண்டாள். அண்ணன் வீட்டில் வாயே திறக்கமாட்டான். அவன் பங்கையும் சேர்த்துத் தம்பி பேசுகிறான் என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

வந்தவர் கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். இந்த நாட்டில் ஒன்பது வருஷம். கம்பெனி இரண்டு மாதத்துக்கு முன்னால் இழுத்து மூடிவிட்டது. வேலை போனால் அறுபது நாளில் கிளம்பிவிட வேண்டும் என்பது விசாவின் விதி. அறுபதாவது நாள் இன்று.

"கார்டுல கொஞ்சம் பாக்கி இருந்துச்சு மேடம். மூவாயிரம் இருக்கும். ஊருக்குப் போய் மாசாமாசம் அனுப்பிடலாம்னு பேங்குக்குப் போன் பண்ணேன். பதினெட்டாயிரத்துச் சொச்சம்ங்கறாங்க. ரெண்டாவது கார்டுல பணமா எடுத்திருக்காம். என் கணக்குலயே இன்னொரு கார்டு, என் ரூம்மேட் பேர்ல."

"அவர் என்ன வேலை?"

"ஆஸ்பத்திரி லாண்டரில மெஷின் ஓட்டறான். நைட் ஷிஃப்ட். என் பேப்பரை எல்லாம் எடுத்து அவனே அப்ளை பண்ணியிருக்கான். பேங்கு புகார் படிவத்துல நான் நேர்ல கையெழுத்துப் போடணும். ரெண்டு மணிக்குக் கவுண்ட்டர் மூடிடுவாங்க. கூடவே போலீஸ்ல எழுதிக் குடுத்த காப்பியும் வேணுமாம்."

"நேரா போலீஸுக்கே போயிருக்கலாமே?"

"ஆதாரம் இருக்கான்னு கேக்கறாங்க. நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்தீங்கன்னா எழுதிக்குவாங்க." அவர் கை பெட்டியின் பிடியை விட்டு விட்டுப் பிடித்தது. "அவன் இன்னும் இங்கதான் இருக்கப் போறான். நான் போயிட்டா கடன் பூரா என் தலையில."

அண்ணி வங்கிக் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தாள். இரண்டாவது கார்டில் கடை, துணி, பெட்ரோல் என்று எதுவுமே இல்லை. ஆறே ஆறு வரிகள், எல்லாம் ஏடிஎம்மில் எடுத்த பணம். முதல் மூன்று மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. அடுத்த மூன்று மாதம் இரண்டாயிரத்து எழுநூறு. தேதிகளை மேசைக் காலண்டரோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள்.

"நல்ல பழக்கம் உள்ள திருடன்," என்றாள்.

"எப்படி அண்ணி?"

"மாசத்துக்கு ஒரு தடவைதான் திருடறான். வண்டியை எடு."

*

லாண்டரிக்காரரின் அறை நாலாவது மாடியில். வரைபடக்காரர் வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். "அவன் முகத்தைப் பார்த்தா கை நீட்டிடுவேன் மேடம்."

படி ஏறும்போது சில்லறை கேட்டான்: "கை நீட்டறதுன்னா அடிக்கவா, கடன் கேக்கவா?"

அண்ணி இரண்டு இரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தாள். அவள் இப்படிப் போனால் ஏதோ குடைகிறது என்று அவனுக்குத் தெரியும். என்ன குடைகிறது என்பதுதான் எப்போதும் கடைசியில் தெரியும்.

கதவைத் திறந்தவருக்கு முப்பது வயது இருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்த முகம். ஜன்னலில் வெளிச்சம் வராமல் அட்டை ஒட்டியிருந்தது. மூன்று கட்டில்கள், ஒன்று மெத்தை சுருட்டிக் காலியாகக் கிடந்தது. சுவரோரம் பிரிக்காத அட்டைப் பெட்டி, அதன் மேல் குழந்தைக் கட்டில் படம்.

"அண்ணன் கிளம்பிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்டார். "வழியனுப்பப் போகணும்னு ஒரு மணிக்கு அலாரம் வெச்சிருக்கேன்."

சில்லறை வாசலை மறைத்து நின்றுகொண்டான். ஓடுகிறவன் வாசல் பக்கம்தான் ஓடுவான் என்பது அவன் சித்தாந்தம். அந்த ஆளோ ஓடாமல் இவர்களுக்கு உட்கார இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெளுக்கும் பொடியில் ஊறி, கையின் மற்றப் பகுதியைவிட இரண்டு பங்கு வெளுத்திருந்தன.

"உங்க பேர்ல கிரெடிட் கார்டு இருக்கா?" என்றாள் அண்ணி.

"அது எதுக்கு மேடம் எனக்கு? சம்பளம் வர்ற ஏடிஎம் கார்டு ஒண்ணுதான்."

"பாஸ்போர்ட் காப்பி யாருக்காவது குடுத்தீங்களா?"

"ஆஸ்பத்திரில குடுத்தேன். விசா ஆபீஸ்ல குடுத்தேன், வீட்டுக்காரியும் பாப்பாவும் வர்றாங்க, இருபத்திரண்டாம் தேதி. கடைசி சீல் ஒண்ணுதான் பாக்கி." சொல்லும்போது கண் அட்டைப் பெட்டிக்குப் போய்விட்டு வந்தது. "அப்புறம் அண்ணனுக்குக் குடுத்தேன். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கணும்னார்."

நல்லா நடிக்கிறான், என்று சில்லறை மனசுக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த வாக்கியம் மனசுக்குள்ளேயே ஒட்டாமல் உரிந்து வந்தது.

"சம்பளம் எந்தத் தேதி?"

"பத்து. சில மாசம் பன்னெண்டு ஆகும்."

"மாசக் கடைசியில கையில பணம் நிக்குமா?"

அவர் சிரித்தார். "மாசக் கடைசியில பஸ்ஸுக்கே அடுத்தவங்க முகத்தைப் பாக்கணும் மேடம். ஆறு மாசமா ரெண்டு பங்கு வாடகை நான்தான் போடறேன். அண்ணனுக்குச் சம்பளம் வரலை. பாவம், அதுக்காக வேலைக்குப் போகாமயா இருந்தார்? கம்பெனி மூடற நாள் வரைக்கும் இஸ்திரி போட்ட சட்டையோட போனார். மூடின பிறகும் காலையில போவார். எங்கன்னு நான் கேக்கலை." சற்றுத் தயங்கினார். "எதுக்கு மேடம் இதெல்லாம்? எங்க வீட்டு விசா சம்பந்தமா ஏதாவதா?"

"இல்ல," என்றாள் அண்ணி, வேகமாக. "நீங்க தூங்குங்க."

படியில் இறங்கும்போது சில்லறைக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் கம்பெனி மூடிச்சுன்னாரு. இவர் ஆறு மாசம்ங்கறாரு. யாரு பொய்யி?"

"ரெண்டு பேரும் நிஜம்தான் சொல்றாங்க. மூடினது ரெண்டு மாசம் முன்னாடி. சம்பளம் நின்னது எப்பன்னு நாம கேக்கவே இல்ல, அவரும் சொல்லலை."

மணி பதினொன்று ஐம்பது.

*

அண்ணி முன்சீட்டை விட்டுப் பின்சீட்டில் வரைபடக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சில்லறை வண்டியைக் கிளப்பினான்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குத்தானே மேடம்?" என்றார் அவர். "ஒத்துக்கிட்டானா?"

"உங்க ஃபைலைக் கொஞ்சம் குடுங்க."

அவருக்குக் கொடுக்க மனசில்லை. கொடுக்காமல் இருக்கவும் காரணம் கிடைக்கவில்லை. வரைபடக்காரரின் ஃபைல் வரைபடம் மாதிரியே இருந்தது. ஒவ்வொரு தாளும் தேதி வரிசையில், ஓரத்தில் சின்ன நிறச்சீட்டு. அண்ணி பச்சைச் சீட்டு ஒன்றில் நிறுத்தி ஒரு கடிதத்தை உருவினாள்.

"சில்லறை, ரெண்டாயிரத்து ஐநூறுக்கு எட்டு சதவீதம் எவ்வளவு?"

"இருநூறு."

"கூட்டிச் சொல்லு."

"ரெண்டாயிரத்து எழு..." என்றவன் பாதியில் நின்றான். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவன் ஓரம் கட்டினான்.

"கம்பெனி குடுத்த சம்பள உயர்வுக் கடிதம்," என்றாள் அண்ணி. "எட்டு சதவீதம். சம்பளமே போடாத கம்பெனி, உயர்வை மட்டும் தாள்ல போட்டுக் குடுத்திருக்கு. தேதியைப் பாத்தேன். நம்ம திருடன் மாசத்தோட கடைசி வேலை நாள்லதான் பணம் எடுக்கறான். கடைசி நாள் லீவுன்னா முந்தின நாளே எடுத்துடறான், கம்பெனி சம்பளம் போடற மாதிரி. லாண்டரிச் சம்பளம் பத்தாம் தேதிதான். இந்தக் கடிதம் வந்த மாசத்துல இருந்து அவனுக்கும் எட்டு சதவீதம் கூடுது. லாண்டரில வேலை செய்யறவருக்கு உங்க சம்பள உயர்வு எப்படிக் கிடைச்சுது சார்?"

இந்த மாதிரித் திருட்டு வேலை காலியிருந்தால் நானே மனு போடுவேன் என்று சொல்ல சில்லறையின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினான்.

வரைபடக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒன்பது வருஷத்துல ஒரு மாசம்கூட வீட்டுக்குப் பணம் தப்பினதில்லை மேடம். முதல் மாசம் சம்பளம் வரலைன்னதும் அடுத்த வாரம் வந்துடும்னாங்க. அதுக்குள்ள கார்டுல எடுத்து அனுப்பிடலாம்னு. என் கார்டுல பணமா எடுக்க அவ்வளவு முடியலை. கூட ஒரு ஆள் பேரைச் சேர்த்தா லிமிட்டை ஏத்தித் தரோம்னு ஒரு ஆஃபர் இருந்துச்சு."

"தெரியும்," என்றான் சில்லறை. அந்த ஆஃபரை அவன் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறான். இங்கே ஒரு கையெழுத்து சார், இங்கே ஒண்ணு, அவ்வளவுதான் சார்.

"அவன் கையெழுத்தையும் நானே போட்டேன். சத்தியமா அவனை மாட்டிவிட இல்ல, அப்ப. பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம். சம்பளம் இல்லைன்னு எப்படிச் சொல்றது? இன்கிரிமென்ட் லெட்டர் வந்ததை மட்டும் போன்ல சொல்லிட்டேன், ஒரு நல்ல சேதியாவது இருக்கட்டும்னு. சொன்ன பிறகு அதையும் சேர்த்து அனுப்பித்தானே ஆகணும்."

"மாட்டிவிடற யோசனை எப்ப வந்தது?"

"போன வாரம். டீ குடிக்கற இடத்துல ஒருத்தன் சொன்னான். கிளம்பற அன்னிக்கு கார்டு திருட்டுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடு, பேங்கே தள்ளுபடி பண்ணிடும், ஊர் வரைக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு."

"வருவாங்க." அண்ணி குரலை உயர்த்தவில்லை. "அங்க இருக்கற ஒரு வசூல் ஆபீஸ்கிட்ட ஒப்படைச்சிடுவாங்க. நாங்க அப்படித்தான் செய்வோம். ஒரு நாள் உங்க வீட்டுக் கதவைத் தட்டுவாங்க, உங்க வீட்டுக்காரம்மாதான் திறப்பாங்க. இங்க, அந்தத் தம்பியைப் போலீஸ் கூட்டிட்டுப் போகும். அவர் திருடலைன்னு நிரூபிக்கறதுக்குள்ள குடும்ப விசா ரத்தாயிடும். அந்தக் கட்டில் பெட்டியை யாரும் பிரிக்கமாட்டாங்க."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"மணி பன்னெண்டே கால்," என்றாள். "போலீஸ் ஸ்டேஷன் வலது பக்கம். பேங்கு இடது பக்கம். எந்தப் பக்கம் திருப்பச் சொல்லட்டும்?"

"பேங்குக்குப் போனா பிடிச்சு வெச்சுடுவாங்க மேடம். ரெண்டு தவணை தப்பியாச்சு. ஏர்போர்ட்ல நிறுத்தறதுக்கு எழுதிப் போட்டிருந்தா?"

"பன்னெண்டு வருஷம் அந்த நாற்காலியில உக்காந்தவ சொல்றேன். ஓடறவனைத் துரத்த எங்களுக்கு ஆள் உண்டு, பட்ஜெட் உண்டு. தானா வந்து நிக்கறவனை என்ன பண்றதுன்னு எங்களுக்கே தெரியாது. உக்காரவெச்சுப் பேசத்தான் வேணும்."

வரைபடக்காரர் இடது கையை லேசாகத் தூக்கினார். சில்லறை வண்டியைத் திருப்பினான்.

*

வங்கியில் பத்து பேர் வரிசையில் இருந்தார்கள். அண்ணி நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடிக் கூண்டாக எட்டிப் பார்த்து, பழைய நாளில் தன்னோடு வேலை பார்த்த ஓர் அதிகாரியைக் கண்டுபிடித்துவிட்டாள். தடித்த கண்ணாடி போட்ட அந்த அம்மாள் ஆறு வரிகளையும் பார்த்தாள், உயர்வுக் கடிதத்தைப் பார்த்தாள், வரைபடக்காரரைப் பார்த்தாள்.

"ஃபைல் முந்தாநேத்து வக்கீல்கிட்ட போயிருக்கு," என்றாள். "அவர் எங்கயாவது பதிவு பண்ணிட்டாரான்னு உடனே சொல்ல முடியாது. மெயில் போடறேன்."

வரைபடக்காரர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை.

வேலை மளமளவென்று நடந்தது. இரண்டாவது கார்டை ரத்து செய்து, அந்தப் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். கையெழுத்து தன்னுடையதுதான் என்று அவர் எழுதிக் கொடுத்தார். முழுப் பாக்கியையும் முப்பத்தாறு தவணையாக்கி, ஊர் முகவரி, ஊர் போன் நம்பர் எல்லாம் சேர்த்து ஒப்பந்தம்.

"கம்பெனி பாக்கி வெச்ச நாலு மாசச் சம்பளமும் ஒன்பது வருஷப் பணிக்கொடையும் வரணுமே," என்றாள் அண்ணி. "தொழிலாளர் அலுவலகத்துல கோரிக்கை குடுத்தீங்களா?"

"குடுத்திருக்கேன். கூப்பிடும்போது வரணும்னாங்க. நான்தான் இருக்கமாட்டேனே."

"உங்களுக்குப் பதிலா யாராவது போகலாம். அதிகாரம் குடுத்து எழுதணும். வர்ற பணம் நேரா இந்தக் கடனுக்குப் போகட்டும்."

"இங்க இருக்கற ஒருத்தர் பேர் சொல்லுங்க," என்றாள் அதிகாரி, பேனாவைத் தாளில் வைத்து.

வரைபடக்காரர் அந்தப் பேனாவையே பார்த்தார். ஒன்பது வருஷத்தில் இந்த நாட்டில் அவருக்கு இருந்த ஒரே பெயர் ரூம்மேட்டின் பெயர்தான். அந்தப் பெயரைத்தான் காலையில் போலீஸில் எழுதிக் கொடுக்கக் கிளம்பியிருந்தார்.

ஒரு மணி ஐந்துக்கு அவர் போன் அடித்தது. "அண்ணே, எழுந்துட்டேன். ஏர்போர்ட்ல எந்த வாசல்ல நிக்கட்டும்?"

"நீ பேங்குக்கு வா," என்றார் அவர்.

லாண்டரிக்காரர் வந்து சேர ஒன்று முப்பத்தைந்து ஆயிற்று. இருவரும் தண்ணீர் பிடிக்கும் மூலையில் நின்று பேசினார்கள். சில்லறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கடிகாரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவர் பேசிக்கொண்டே இருந்தார். சின்னவர் ஒரு தடவை விலகிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார், திரும்பி வந்தார். கவுண்ட்டர்களில் பாதி விளக்கு அணைந்தது.

கூண்டுக்குள் வந்ததும் லாண்டரிக்காரர் உட்காரவில்லை. "என் பேரை எடுத்தாச்சா?" என்று அதிகாரியிடம் கேட்டார். எடுத்த தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் வரைபடக்காரரிடம் திரும்பினார்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"ஊருக்குப் போய் மெதுவா..."

"இப்ப சொல்லுங்க. சொன்ன பிறகு கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா அடுத்த மாசமும் வேற ஏதாவது பண்ணுவீங்க."

ஒன்று ஐம்பத்திரண்டு. வரைபடக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். ஆறு மாதம் சொல்லாததைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அந்தம்மாவின் குரல் கூண்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"மாசம் எவ்வளவு கட்டணும்?"

"ஐந்நூத்துச் சொச்சம்."

"சரி. போன்ல சண்டை போட்டு மாளாது. நீங்க வீட்டுக்கு வாங்க, நேர்ல போடறேன். இப்ப எங்க கையெழுத்துப் போடணுமோ போட்டுட்டு ஃப்ளைட்டைப் பிடிங்க."

லாண்டரிக்காரர் வெளுத்த விரலால் பேனாவை எடுத்தார்.

*

விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனைக் கூண்டு, தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் தெரிந்தது. வரைபடக்காரரின் கையில் வங்கி கொடுத்த கடிதம். சீருடைக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். போனை எடுத்து யாரிடமோ பேசினார்.

சில்லறைக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வரைபடக்காரர் கடிதத்தை நீட்டினார். சீருடைக்காரர் அதை முழுசாகப் படித்தார். சீல் விழுந்த சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் வரைபடக்காரரின் தோள் இறங்கியது தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். இவர்களோடு வழியனுப்ப வந்திருந்த லாண்டரிக்காரர் கையைத் தூக்கவில்லை. அவர் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்.

வெளியே வரும்போது சொன்னார்: "கார்டு விஷயம் எல்லாத்தையும் சொன்னார் மேடம். காலையில உங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தார்னு மட்டும் சொல்லலை."

அண்ணி நடையை நிறுத்தினாள்.

"நானே புரிஞ்சுக்கிட்டேன். பேங்குக்குப் பஸ்ல வரும்போதே, காலையில நீங்க கேட்ட கேள்வியை எல்லாம் யோசிச்சு."

"புரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"அங்க நின்னு கோபப்பட்டா அவர் ஃப்ளைட் போயிடும். நான் நைட்டு மெஷின்கிட்ட நின்னு கோபப்பட்டுக்கறேன். அந்தச் சத்தத்துல எவ்வளவு திட்டினாலும் யாருக்கும் கேக்காது." அவர் பஸ் நிற்கும் பக்கம் பார்த்தார். ஷிஃப்ட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது, தூக்கம் இல்லை. "மேடம், தொழிலாளர் அலுவலகம் காலையில எத்தனை மணிக்குத் திறக்கும்?"

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஏதாவது உளறுவான்.

"எட்டரைக்கு," என்றான் சில்லறை. "ஷிஃப்ட் முடிஞ்சு ஆஸ்பத்திரி வாசல்லயே நில்லுங்க. நான் வண்டியோட வரேன்."